பழைய விசிஆரை மீண்டும் ஓடவைக்க: சிங்கப்பூரில் டெக் வாங்குவது முதல் உதிரி பாகம் தேடுவது வரை

அலமாரியில் கல்யாணக் கேசட்டும் காதுகுத்துக் கேசட்டும் இருக்கின்றன, போட்டுப் பார்க்க விசிஆர், அதாவது வீடியோ கேசட்டை ஓட்டும் டெக்தான் ஓடவில்லை என்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விசிஆர் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் இங்கே ஒவ்வொருவராகக் கடையைச் சாத்திக்கொண்டு வருகிறார்கள். மிச்சம் இருப்பவர்களிடம் கொண்டுபோனால், மூடியைத் திறக்கும் முன்பே “பாகம் கிடைக்காது” என்று சொல்லிவிடுகிறார்கள். பாகம் கிடைக்கிறது. அதை எங்கே, எந்தப் பெயரில், எந்த அளவில் கேட்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லாமல் நான் வாரக்கணக்கில் அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓடாத டெக்குகளில் பெரும்பாலானவற்றைக் கெடுத்தது ரப்பர், காய்ந்த கிரீஸ், வற்றிப்போன மின்தேக்கி ஆகிய மூன்றுதான். சில்லுகள் கெடுவது அபூர்வம். ஆகவே ‘எலக்ட்ரானிக்ஸ் படிக்கவில்லையே’ என்று தயங்க வேண்டியதில்லை. பொறுமையும் நல்ல திருப்புளியும் இருந்தால் பாதி வேலை ஆகிவிடும்.

1. முதலில் கணக்குப் போடுங்கள்

உங்களிடம் இரண்டு மூன்று கேசட்தான் இருக்கின்றன என்றால் இந்த வேலையில் இறங்காதீர்கள். கேசட்டைக் கணினிக் கோப்பாக மாற்றித் தரும் கடைகள் உள்ளன. ஒரு கேசட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வார்கள். பெட்டி நிறைய இருந்தால்தான் டெக்கைச் சீர்படுத்துவது கட்டுப்படியாகும்.

செலவு என் அனுபவத்தில் ஏறத்தாழ இப்படி வரும். ஓடாத டெக் ஐம்பது வெள்ளிக்குள் கிடைக்கும். சும்மா கொடுப்பவர்களும் உண்டு. ‘சோதித்துப் பார்த்தது, நன்றாக ஓடுகிறது’ என்று விற்பது நூறு வெள்ளியைத் தாண்டும். பெல்ட், ரோலர், மின்தேக்கி எல்லாம் சேர்த்துத் தபால் செலவுடன் நாற்பது, ஐம்பது வெள்ளி. கருவிகள் கையில் இல்லையென்றால் இன்னொரு ஐம்பது. கைவேலை இரண்டு வார இறுதிகளில் முடிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வரும் பொட்டலத்துக்குக் காத்திருப்பதுதான் ஒரு மாதத்தை விழுங்கும்.

2. எந்த டெக்கை வாங்குவது

புதிதாக வாங்கலாம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். கடைசிவரை விஎச்எஸ் (நம் வீட்டு வீடியோ கேசட்டின் வகை) ரெக்கார்டர் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. இனி எல்லாம் பழையதுதான்.

தேட வேண்டிய இடம், பழைய பொருள்களை விற்று வாங்கும் கரோசல் இணையத்தளம். அதில் ‘விசிஆர்’ என்று மட்டும் தேடாமல், ‘விஎச்எஸ் பிளேயர்’, ‘வீடியோ ரெக்கார்டர்’ என்றும் ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள். விளம்பரத்தில் ‘ஸ்பாயில்ட்’ என்று எழுதியிருந்தால் ஒதுக்கிவிடாதீர்கள். அதுதான் உங்களுக்கு வேண்டிய விலை. நன்கொடைப் பொருள்களை விற்கும் கடைகளிலும் அவ்வப்போது வரும். பழைய குறிப்புகள் சிலவற்றில் இன்னமும் சுங்கை ரோடு சந்தைக்குப் போகச் சொல்லியிருக்கும். அது 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது.

வாங்கும் முன் டெக்கின் பின்பக்கத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் மூன்றைப் பாருங்கள்: மாடல் எண், மின்னழுத்தம், ஒளிபரப்பு முறை. சிங்கப்பூர், மலேசியா, இந்தியா மூன்றிலும் ‘பால்’ முறைதான். அதனால் ஊரிலிருந்து வந்த கேசட்டுக்குத் தனி டெக் வேண்டாம். அமெரிக்காவிலோ ஜப்பானிலோ பதிவான கேசட் ‘என்டிஎஸ்சி’. அது உங்களிடம் இருந்தால் இரு முறைகளிலும் ஓடும் ‘மல்ட்டி சிஸ்டம்’ டெக் தேடுங்கள். ஜப்பானுக்கென்றே செய்த டெக் மலிவாகக் கண்ணில் படும். அது 100 வோல்ட்டில் ஓடுவது. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேரே செருகினால் அத்தோடு அதன் கதை முடிந்தது.

பிராண்டைவிட உள்ளே இருக்கும் இயந்திர அமைப்பு முக்கியம். ஒரே அமைப்பைப் பல மாடல்களில், சில சமயம் பல பிராண்டுகளில்கூட, வைத்திருப்பார்கள். பானசோனிக் டெக்குகளில் ‘கே’ அமைப்பு, ‘இசட்’ அமைப்பு என்ற பேச்சு அடிக்கடி காதில் விழும். எந்த அமைப்புக்கு இன்றும் பாகம் விற்கிறார்கள் என்று முதலில் பாருங்கள், அப்புறம் டெக்கை வாங்குங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வாய்ப்பிருந்தால் ஒரே மாடலில் இரண்டு வாங்குங்கள். ஒன்று ஓட, மற்றது உறுப்புதானம் செய்ய. வெளிநாட்டிலிருந்து ஒரு பற்சக்கரம் வரவழைக்கும் காசுக்கு இங்கேயே ஒரு முழு டெக் கிடைத்துவிடும்.

ஜொகூர் பாருவில் வாங்கிக்கொண்டு வருவதானால் வரிக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்தவருக்கு 100 வெள்ளி வரை, அதற்கு மேல் இருந்தவருக்கு 500 வெள்ளி வரை ஜிஎஸ்டி விலக்கு உண்டு. வேலை அனுமதி அட்டை, மாணவர் அட்டை, நீண்டகால அனுமதி அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்த விலக்கு கிடையாது. விற்பவரிடம் ரசீது கேட்டு வாங்குங்கள். கையெழுத்துச் சீட்டானாலும் சரி.

3. சர்வீஸ் மேனுவல் இல்லாமல் திறக்காதீர்கள்

டெக்கோடு வரும் பயன்பாட்டுக் கையேடு இந்த வேலைக்கு உதவாது. பழுது பார்ப்பவர்களுக்கென்று நிறுவனம் அச்சிட்ட சர்வீஸ் மேனுவல் வேறு. மாடல் எண்ணோடு தேடினால் பல டெக்குகளுக்கு இலவசமாகவே கிடைக்கும். சிலவற்றுக்குச் சில வெள்ளி கேட்பார்கள். உங்கள் மாடலுக்குக் கிடைக்காவிட்டால், அதே இயந்திர அமைப்புள்ள உடன்பிறப்பு மாடலின் மேனுவல் போதும்.

அதில் உங்களுக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று, எல்லாப் பாகங்களையும் பிரித்துப் போட்டு வரைந்த படமும் அதிலுள்ள பாக எண்களும். கடையில் ‘பெல்ட் வேண்டும்’ என்று கேட்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. எண்ணைச் சொல்பவருக்குக் கிடைக்கும். இரண்டாவது, பற்சக்கரங்களை எந்தக் குறிக்கு எந்தக் குறி நேராக வைக்க வேண்டும் என்ற பக்கம். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் டெக் கேசட்டை விழுங்கிவிட்டு வெளியே தர மறுக்கும்.

4. கருவிகள்

ஜப்பானியத் திருகாணிகளின் தலை நாம் பயன்படுத்தும் சாதாரணக் கூட்டல்குறித் திருப்புளிக்குச் சரியாகப் பொருந்தாது, வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும். ‘ஜேஐஎஸ்’ (ஜப்பானியத் தர அளவு) என்று குறித்த திருப்புளி வாங்குங்கள். இத்துடன் வெர்னியர் காலிப்பர், மல்ட்டிமீட்டர், 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பிளாஸ்டிக் பற்சக்கரத்துக்கு ஏற்ற வெள்ளை கிரீஸ். மருந்துக் கடையில் விற்கும் 70 விழுக்காட்டு ஆல்கஹாலில் தண்ணீர் கலந்திருக்கிறது, அது வேண்டாம்.

சின்னஞ்சிறு கிளிப்புகள் பறந்து சோபாவுக்கு அடியில் போகும். பெரிய ஒளி ஊடுருவும் பைக்குள் கையை விட்டு அவற்றைக் கழற்றுவது நல்ல வழி.

5. மின்சாரம்: இங்கே அவசரம் கூடாது

டெக்கின் மின்வழங்கியில் உள்ள பெரிய மின்தேக்கி, 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக்கி ஏறத்தாழ 320 வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே இருக்கலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் இருக்கிறதே என்ற தைரியம் இங்கே செல்லாது. மின்தேக்கியின் இரு முனைகளையும் நீங்கள் தொட்டால் அந்தப் பிரேக்கருக்கு அது தெரியவே தெரியாது.

மின்வேலை செய்து பழக்கம் இல்லாதவர் மின்வழங்கிப் பலகையைத் தொட வேண்டாம். அதற்கு நல்ல மாற்றுவழி உண்டு. பல டெக்குகளில் அந்தப் பலகை தனியாகக் கழன்று வரும். முழு விசிஆரைத் தொட மாட்டேன் என்கிற பழுதுபார்ப்பவர்கூட, “அங்கிள், இந்தப் பலகையில் மின்தேக்கிகளை மட்டும் மாற்றித் தாருங்கள்” என்று பலகையைத் தனியாக நீட்டினால் வாங்கிக்கொள்கிறார். ‘பார்ப்பதற்கே’ கட்டணம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். பலகையைக் கொடுக்கும் முன் தொகையை எழுதி வாங்கிவிடுங்கள்; எனக்கு ஒரு கடையில் சொன்னது ஒன்று, கேட்டது இன்னொன்று.

வீடு மாறும்போது டெக் செத்துப்போவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். பழைய வீட்டில் நேற்றுவரை ஓடியது, புதிய வீட்டில் செருகினால் விளக்குகூட எரியவில்லை. லாரியில் ஆடியதால் கெட்டது என்று நினைப்போம். உண்மையில், மின்வழங்கியைத் தொடக்கிவைக்கும் ஒரு சிறு மின்தேக்கி என்றைக்கோ வற்றிப்போயிருக்கும். ஆண்டுக்கணக்கில் பிளக்கைப் பிடுங்காமல் வைத்திருந்ததால் அது வெளியே தெரியவில்லை. சில காசு பெறும் பாகம் அது. ‘செத்த டெக்’ என்று விற்பவற்றில் இப்படிப்பட்டவை நிறைய, வாங்குபவருக்கு அதிர்ஷ்டம்.

6. நோயைக் கண்டுபிடிப்பது

மூடியைத் திறந்தவுடன் கேசட் போடாதீர்கள். நாடாவின் முனை வந்துவிட்டதா என்று அறிய உள்ளே ஒளி உணரிகள் இருக்கின்றன. மூடி இல்லாதபோது மேசை விளக்கின் வெளிச்சம் அவற்றை ஏமாற்றிவிடும். டெக் கேசட்டை வெளியே தள்ளும் அல்லது சுற்ற மறுக்கும். நல்ல டெக்கைப் பழுது என்று நினைக்கவைக்கும் பொறி இது. அட்டையால் மறைத்துக்கொண்டு சோதியுங்கள்.

குளிரூட்டிய அறையிலிருந்தோ காரிலிருந்தோ வெளியே கொண்டுவந்த டெக்கில் ஈரம் படியும். பல டெக்குகளில் அதை அறியும் உணரி இருப்பதால், ஈரம் காயும்வரை அவை எதற்கும் அசையா. இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே விடுங்கள்.

அறிகுறிகளை இப்படிப் படிக்கலாம். ஓடத் தொடங்கிச் சில நொடிகளில் நின்றுவிட்டால், சுருளைச் சுற்றும் ஐட்லர் ரப்பரோ பெல்ட்டோ வழுக்குகிறது. நாடாவை மென்று துப்பினால், நாடாவை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலரையும், நாடாவை இழுத்துச் சுற்றும் பக்கத்தையும் பாருங்கள். கேசட்டை உள்ளே வாங்கிய வேகத்தில் வெளியே தள்ளினால், அல்லது ஒவ்வொரு முறை ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டால், இயந்திரம் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் மோட் சுவிட்சின் தொடுமுனைகள் கறுத்திருக்கும். ஒலி தெளிவாக இருந்து படம் மட்டும் பனி கொட்டினால், நாடாவிலிருந்து படத்தைப் படிக்கும் வீடியோ ஹெட்டில் அழுக்கு. குரல் தள்ளாடினால் மறுபடியும் பிஞ்ச் ரோலர்தான்.

நாடா செல்லும் பாதையில் நிற்கும் வழிகாட்டித் தூண்களை மட்டும் திருகாதீர்கள். அவற்றைத் திரும்பவும் சரியாக வைக்க அலைக்காட்டியும் அதற்கென்ற சோதனை நாடாவும் வேண்டும்.

7. உதிரி பாகங்கள்

பெல்ட்டில் தொடங்குவோம். பழையது முழுசாக இருந்தால் தட்டையாக நீட்டி நீளத்தை அளந்து இரண்டால் பெருக்குங்கள், அதுதான் சுற்றளவு. அதை 3.14 ஆல் வகுத்தால் உள்விட்டம். விற்பவர்கள் பெரும்பாலும் உள்விட்டத்தையும் தடிமனையும்தான் கேட்பார்கள். பழைய பெல்ட் நீண்டிருக்கும் என்பதால் ஐந்து விழுக்காடு குறைத்து வாங்குங்கள். பெல்ட் கறுப்புத் தாராக உருகியிருந்தால், கப்பிகளைச் சுற்றி நூலை ஓட்டி அளந்துகொள்ளலாம். அந்தத் தாரை ஆல்கஹாலால் முழுக்கத் துடைக்காமல் புதிய பெல்ட் போடக் கூடாது. சட்டையில் பட்டால் போகவே போகாது, சொல்லிவிட்டேன்.

பிஞ்ச் ரோலருக்கு வெளிவிட்டம், உயரம், நடுத்துளை மூன்றும் வேண்டும். ஒன்று மாறினாலும் பொருந்தாது.

இதில் புதியவர்கள் விழும் பெரிய குழி, ‘பிரிக்கப்படாத அசல் பாகம்’ என்ற விளம்பரம். முப்பது ஆண்டு பெட்டிக்குள் கிடந்த ரப்பருக்கும் முப்பது வயதுதான். பற்சக்கரம், மோட் சுவிட்ச் போன்றவற்றை அப்படி வாங்கலாம், நல்லதுதான். ரப்பரை மட்டும் அண்மையில் தயாரித்ததாகப் பார்த்து வாங்குங்கள், அசல் முத்திரை இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

மின்தேக்கிகளுக்கு ஜாலான் புசார் முனையில் இருக்கும் சிம் லிம் டவருக்குப் போங்கள். பெயர் மயக்கத்தில் எதிரே உள்ள சிம் லிம் ஸ்குவேருக்குப் போகாதீர்கள். அங்கே இருப்பவை பெரும்பாலும் கணினி, கைப்பேசிக் கடைகள். தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். ஞாயிறன்று பல கடைகள் திறப்பதில்லை. சீனப் புத்தாண்டு வாரத்தில் போகவே வேண்டாம். பழைய மின்தேக்கியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். கொள்ளளவு அதே அளவில், வோல்ட் அதே அல்லது கூடுதலாக, வெப்பத் தாங்கல் 105 டிகிரி என்று கேளுங்கள். உயரத்தையும் பாருங்கள், மூடி தட்டும். இணையத்தில் கைப்பிடி அளவில் மலிவாக விற்பவற்றில் பிராண்ட் பெயரை மட்டும் ஒட்டிய போலிகள் உண்டு. குறிப்பிட்ட வகை கடையில் இல்லையென்றால் மின்னணுப் பாகங்கள் விற்கும் ஆர்எஸ், எலிமென்ட்14 நிறுவனங்களில் இணையவழி வாங்கலாம்.

பெல்ட், ரோலர், பற்சக்கரம் மூன்றுக்கும் ஈபே, அலிஎக்ஸ்பிரஸ் போன்ற தளங்கள்தான் வழி. பெல்ட்டின் விலையைவிடத் தபால் செலவு கூடுதலாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே விற்பனையாளரிடம் சேர்த்து வாங்குங்கள். 2023 ஜனவரி முதல் 400 வெள்ளி வரையுள்ள பொருளுக்கும், பதிவுபெற்ற தளங்கள் ஜிஎஸ்டியைச் சேர்த்தே வாங்குகின்றன. இப்போது அது 9 விழுக்காடு. விலைப்பட்டியலைச் சேமித்து வையுங்கள். பொட்டலம் வரும்போது மறுபடியும் வரி கேட்டால் காட்ட அதுதான் ஆவணம்.

சென்னைக்குப் போகும் உறவினர் இருந்தால் அங்கே மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரிக்கச் சொல்லலாம். பாகத்தின் படத்தையும் அளவையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். வாயால் சொன்னால் எதையாவது வாங்கி வந்து நிற்பார்கள். ரப்பர் பெல்ட்டை விமானத்தில் கொண்டுவரலாம், ஆல்கஹால் புட்டியைக் கேட்காதீர்கள்.

வீடியோ ஹெட் உருளையை ஆரம்பத்திலேயே வாங்கிவிட வேண்டாம். விலை அதிகம். பத்துக்கு எட்டுச் சமயம் அது தேயவில்லை, அழுக்கேறியிருக்கிறது, அவ்வளவுதான்.

கையில் பாகம் இருந்தும் மாட்டத் தயக்கமாக இருந்தால், தொண்டூழியர்கள் கூடிப் பொருள்களைப் பழுது பார்க்கக் கற்றுத்தரும் ரிப்பேர் கோப்பித்தியாம் நிகழ்வுகளைத் தேடிப் பாருங்கள். எந்த இடம், எந்தத் தேதி, விசிஆரை ஏற்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது நல்லது.

8. ஹெட்டைச் சுத்தம் செய்வது

பஞ்சு சுற்றிய காதுக்குச்சி வேண்டவே வேண்டாம். அதன் இழை ஹெட்டின் நுனியில் சிக்கினால் நுனி ஒடிந்துவிடும். மான்தோல் குச்சி நல்லது. இல்லாவிட்டால் வழவழப்பான வெள்ளைத் தாளைச் சிறு துண்டாக மடித்து ஆல்கஹாலில் நனையுங்கள். அதை உருளையின் பக்கவாட்டில் அசையாமல் மெதுவாக ஒட்டிப் பிடித்தபடி, மறு கையால் உருளையின் மேற்புறத்தைத் தொட்டு மெல்லச் சுற்றுங்கள். சுற்றுவது உருளை, தாள் அல்ல. மேலும் கீழுமாக ஒருபோதும் தேய்க்காதீர்கள். தாளில் பழுப்பு வருவது நிற்கும்வரை தாளை மாற்றி மாற்றிச் செய்து, கால் மணி நேரம் காயவிடுங்கள்.

9. கேசட்டைப் போடும் முன்

குடும்பக் கேசட்டை முதலில் போடுபவர் துணிச்சல்காரர் அல்லர். போனால் கவலையில்லாத பழைய கேசட்டை முழுநீளம் ஓட்டி, முன்னும் பின்னும் சுற்றி, நாடாவின் ஓரம் சுருங்காமல் வருகிறதா என்று பார்த்த பிறகே வீட்டுக் கேசட்.

அதன் முதுகில் உள்ள சிறு பிளாஸ்டிக் தகட்டை ஒடித்துவிடுங்கள். அது இருந்தால் தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தியவுடன் தாத்தாவின் மேல் கறுப்புத் திரை பதிந்துவிடும்.

பிறகு கேசட்டின் சிறு சன்னல் வழியே சுருளைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகளோ தூளோ தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரப்பதத்தில் இது சாதாரணம். அதை ஓட்டினால் நீங்கள் துடைத்த ஹெட் அடைத்துக்கொள்வது மட்டுமல்ல, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். தனியாகப் பையில் கட்டி வையுங்கள். கேமராக்காரர்கள் பயன்படுத்தும் ஈரம் நீக்கும் அலமாரியில் சில வாரம் வைத்துக் காய்ந்த பிறகு, முகக்கவசத்தோடு, வீட்டுக்கு வெளியே சுத்தம் செய்ய வேண்டும். அருமையான கேசட் என்றால் கேசட்டைக் கோப்பாக மாற்றித் தரும் கடைகளில் பூஞ்சை நீக்கத் தெரிந்த ஒன்றிடம் கொடுங்கள். இந்த ஒன்றில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அறுந்த நாடாவை ஒட்டச் சாதாரண செல்லோடேப் கூடாது. அதன் பசை கசிந்து ஹெட்டில் ஏறும். நாடா ஒட்டுவதற்கென்றே விற்கும் ஒட்டுநாடா வேண்டும்.

10. டிவியில் இணைப்பது

டெக்கில் சேனல் எதுவும் வரவில்லையே என்று மறுபடி மூடியைத் திறக்காதீர்கள். சிங்கப்பூரில் அனலாக் ஒளிபரப்பு 2019 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. டெக்கின் டியூனருக்கு இனி வேலை இல்லை. மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் வழியாகவே இணையுங்கள். புதிய டிவிகளில் அவை இல்லாவிட்டால் சிறு துளை ஒன்று இருக்கும். அதற்கு டிவி நிறுவனத்தின் மாற்றுக் கம்பி வேண்டும், ஏனெனில் முனைகளின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதுவும் இல்லையென்றால் எச்டிஎம்ஐ மாற்றி வாங்குங்கள்.

பிரிட்டனிலிருந்து வந்த டெக்கை ஆன்டெனாக் கம்பி வழியாக இணைத்தால் படம் வரும், ஒலி வராது. பழுதில்லை, அங்கே ஒலி அலைவரிசையின் இடைவெளி வேறு. மூன்று நிற முனைகளில் மாட்டினால் சரியாகிவிடும்.

கணினியில் பதிவு செய்யும் கருவியை முதல் ஓட்டத்துக்கு முன்பே இணைத்து வையுங்கள். முப்பது ஆண்டு நாடா இரண்டாம் முறையும் அதே போல ஓடும் என்று நம்ப முடியாது. ‘இ-180’ என்றால் மூன்று மணி நேரம், விரைவுபடுத்த வழியில்லை. வார இறுதிக்கு இரண்டு கேசட் என்று வைத்துக்கொண்டால், இடையிடையே ஹெட்டைத் துடைக்கவும் நேரம் கிடைக்கும். வேலை முடிந்ததும் கேசட்டை உள்ளேயே விட்டுவைக்காதீர்கள். மாதம் ஒருமுறை அந்தப் பழைய சோதனைக் கேசட்டைப் போட்டு அரை மணி நேரம் ஓடவிடுங்கள்.